பக்கத்து வீட்டில் காணாமல் போனவை

காவல் நிலையத்தின் கிழக்கு ஜன்னலுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு உடைமரம் நின்றது. நண்பகலில் அதன் நிழல் ஒரு முறத்தளவுதான் விழும். அந்த முறத்தளவு நிழலில் பேச்சிச்செல்வி மூன்றாவது நாளாக உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வயதுக் குழந்தை. நிழல் நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். யாரையும் கூப்பிடவில்லை, அழவில்லை. நிலையத்தின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்கு உள்ளே கணினி முன்னால் இருந்த விஜிலா, தலையைத் தூக்கினால் அவள்தான் கண்ணில் பட்டாள். தூக்காமல் வேலை செய்ய முயன்று பார்த்தாள். முடியவில்லை.

பேச்சிச்செல்வியின் புருஷன் மாரிச்செல்வம் உள்ளே மரப்பெஞ்சில் இருந்தான். பக்கத்துப் புதுக்கோட்டைக்காரன். 'அமரர் ஊர்தி' என்று நெற்றியில் எழுதிய வண்டியை ஓட்டுகிறவன். ஊரில் எல்லாரும் சாவு வண்டி என்பார்கள். காலையில் விசாரணைக்கு வரச் சொல்லுவார்கள், பொழுது சாயும்வரை உட்கார வைப்பார்கள், அனுப்புவார்கள், மறுநாளும் வரச் சொல்லுவார்கள். வண்டி நிலையத்தின் பின்பக்கம் நின்றது. புதன்கிழமை வழக்குப் பதிந்து ரிமாண்டுக்கு அனுப்பிவிடலாம் என்று எஸ்.ஐ. லிங்கராஜ் முடிவு செய்திருந்தார். பொருள் ஒன்றும் அவனிடம் கிடைக்கவில்லை. யாரும் அவனைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. அவனுக்கு எதிராக இருந்தது ஒரு அட்டவணை மட்டும்தான்.

அந்த அட்டவணையைப் போட்டவள் விஜிலா.

அவள் சங்குமுனைக்காரி. வயது இருபத்து மூன்று. நிலையத்தில் தற்காலிக வேலை: ஐந்து வருடத்துப் பழைய மனுக்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். மாலையில் பஸ் ஏறிச் சாயர்புரம் போய்ப் புள்ளியியல் சான்றிதழ் வகுப்பில் உட்காருவாள். அங்கே பாடம் நடத்தும் சிவனணைந்தபெருமாள் சார் ஆத்தூர்க்காரர், வெற்றிலைக் கொடிக்கால் குடும்பம். முதல் நாளே சொல்லிவிட்டார்: "புத்தகத்துல இருக்க கணக்கு எனக்குத் தெரியும். நீங்க உங்க ஊர்ல இருக்கத எண்ணிட்டு வாங்க. வந்து கோடு போட்டுக் காட்டுங்க."

விஜிலா களவுகளை எண்ணினாள். எஸ்.ஐ.யிடம் அனுமதி கேட்டபோது அவர் சிரித்தார். "பேரையெல்லாம் எடுத்துரு. படம் நல்லா வந்தா எனக்கு ஒண்ணு குடு. மாசாந்திர மீட்டிங்ல காட்டுதேன். நானும் படிச்சவன்னு நினைக்கட்டும்."

எண்ணியது பெரும்பாலும் எதிர்பார்த்தபடியே வந்தது. ஊர் விலக்குச் சாலையில் கேமரா வைத்த பிறகு பைக் களவு பாதியாகக் குறைந்திருந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் கிடக்கும் அறுபது நாளும் பேட்டரியும் இன்ஜின் காற்றாடியும் காணாமல் போயின. திருவிழாவை ஒட்டிச் சங்கிலிப் பறிப்பு. ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு இடித்தது. சங்குமுனைக்குள் வீட்டுக் களவு என்று வந்த மனுக்கள் முதல் வருடம் பதினொன்று, பிறகு எட்டு, ஐந்து, மூன்று. கடைசியாக ஒன்று. கோடு சறுக்குமரம் போல இறங்கியது. அவள் வளர்ந்த ஊர் அது. இவ்வளவு நல்ல ஊராக அதை அவள் அறிந்ததில்லை.

வீட்டில் அம்மா பிளாரன்ஸிடம் கேட்டாள். அம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நம்ம ஊர்ல களவே கிடையாதா?"

"ஏன் கிடையாது? இன்பமணி வீட்டுக் கடிகாரம் போச்சு. ஞானதீபம் வீட்டுக் கண்ணாடி போச்சு. அந்தால தெக்குத் தெருவுல பிள்ளைக்குப் பால் ஊத்துத சங்கு போச்சு."

"போலீஸ்ல யாரும் அவ்வளவாச் சொல்லலியே?"

"யாரு மேல போயிச் சொல்ல, செத்தவங்க மேலயா?" அம்மா மீன் தண்ணீரைக் கொட்டினாள். "அவ்வோ போகும்போது ஆசைப்பட்டதை எடுத்துட்டுப் போறாவ. போயிட்டுப் போகட்டும்."

சங்குமுனையில் ஒரு வழக்கம். ஒருவர் இறந்து, பெட்டி தெருவை விட்டுக் கிளம்பினால், கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுத் திரும்பும்வரை யாரும் வீட்டைப் பூட்டக் கூடாது. போகிறவர் கடைசியாக ஒரு தடவை வீடு வீடாக வந்து சொல்லிக்கொண்டு போவாராம். முகத்தில் கதவடிக்கக் கூடாது. எனவே அடக்கத்தன்று ஊரே கோயிலில் இருக்கும். ஒன்பது தெருவும் திறந்து கிடக்கும்.

விஜிலா இரண்டு ஞாயிறு பூசைக்குப் பிறகு வாசல் வாசலாகப் போய்க் கேட்டாள். என்ன போனது, எந்த வீடு, எப்போது. பதினான்கு பொருள்கள் கிடைத்தன. ஒரு வீட்டில் ஒரு பொருள்தான். சுவர்க்கடிகாரம், கைக்கண்ணாடி, பால் சங்கு, குடை, வெற்றிலை இடிக்கும் சிறு உரல், பெயர் வெட்டிய தம்ளர், ஒற்றைச் செருப்பு. பக்கத்திலேயே கிடந்த நகையை யாரும் தொடவில்லை. 'எப்போது' என்ற மூன்றாவது கட்டத்தை நிரப்பி முடித்ததும் மேலிருந்து இன்னொரு தடவை படித்தாள். பதினான்கும் ஏதோ ஒரு சாவு நாளில் விழுந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

சிவனணைந்தபெருமாள் சார் அட்டவணையை வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, "அழகா இருக்கு," என்றார். "இவ்வளவு அழகா இருந்தா எனக்குப் பயமா இருக்கும்."

எஸ்.ஐ.க்குப் பயமாக இல்லை. இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். "அடக்கப் பூசைக்கு ஊரே உள்ள போயிரும். உள்ள போகாதவன் யாரு? வண்டிக்காரன். ஒரு மணி நேரம் வெளிய சும்மாதான நிக்கான். வீடெல்லாம் திறந்து கிடக்கு. வெளியூர்க்காரன் வேற." சனிக்கிழமை காலை மாரிச்செல்வத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். "நான் வண்டிக்குள்ள படுத்துத் தூங்குவேன் சார்," என்பதைத் தவிர அவனுக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு விஜிலா பழைய மனுக்கட்டு ஒன்றைப் பிரித்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். இன்பமணி, க/பெ. அந்தோணி, நடுத்தெரு, சுவர்க்கடிகாரம் ஒன்று. கடைசி வருடத்தில் வந்த அந்த ஒரே மனு; எண்ணியபோது பதிவேட்டில் வருடத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள். கப்பலில் வேலை பார்க்கும் மகன் கொண்டுவந்த கடிகாரம் என்பதால் இன்பமணி மட்டும் நிலையம்வரை வந்திருக்கிறாள். தேதி ஆகஸ்டு பதினொன்று.

விஜிலா தன் நோட்டைத் திறந்தாள். கடிகாரம்: ரோச் மாமா அடக்கத்தன்று. அடக்கம் ஆகஸ்டு பதிமூன்று.

தான் தப்பாக அடித்துவிட்டதாகத்தான் முதலில் நினைத்தாள். அவளுக்கு எதற்கும் முதலில் தோன்றுவது அதுதான். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பதினொன்று என்று நீல மையில் எழுதி, மேலே முத்திரை குத்தி, ஏட்டு கையெழுத்துப் போட்டிருந்தார். தலையைத் தூக்கினாள். உடைமரத்தடியில் பேச்சிச்செல்வி குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் விஜிலா நடுத்தெருவுக்கு நடந்தாள். ஆண்கள் கடலில் இருக்கும் நேரம். தெருவில் ஒரு ஆள் இல்லை. உப்பளத்தில் இருந்து வந்த வெள்ளைக் கண்கூச்சத்தில் சுவர்களுக்கு நிழலே இல்லாததுபோல் இருந்தது. கதவுகள் திறந்திருந்தன. எந்த வீட்டில் இருந்தும் ஒரு சத்தம் வரவில்லை. தன் செருப்புச் சத்தம் மட்டும் ஒட்டி ஒட்டி நின்ற வீடுகளில் பட்டுப் பின்னாலேயே வருவதுபோல் இருந்ததால் அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

இன்பமணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கடிகாரம் எப்ப போச்சு?"

"இன்னும் எத்தனை தடவளா கேப்ப? ரோச் மாமா அடக்கத்தன்னைக்கு."

"ஸ்டேஷனுக்கு எப்ப வந்தீங்க?"

"போன அன்னைக்கே வந்துட்டேன்லா. மகன் கொண்டாந்தது, விட மனசு வருமா? இந்த வெயில்லதான் கிளம்புனேன். பக்கத்து வாசல்ல ரோச் மாமா வலை பின்னிக்கிட்டு இருந்தாவ. 'எங்களா குடையும் இல்லாமப் போற, மண்டை பொளந்துரும்'னு கேட்டாவ. நான்கூட..."

இன்பமணியின் கை நின்றது.

"அக்கா," என்றாள் விஜிலா மெதுவாக. "அப்ப அவரு உயிரோட இருந்தாரு."

"ஆமா."

"நல்லா இருந்தாரா?"

"நல்லாத்தான் இருந்தாவ. மறுநாத்து கடலுக்குப் போயித்தான..." இன்பமணி வெங்காயக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏளா. அப்ப அவ்வோ எடுக்கலியா?"

திரும்பி வரும் வழியில்தான் விஜிலாவுக்குத் தன் தப்பு முழுதாகப் புரிந்தது. சங்குமுனையில் யாரும் தேதி சொல்லமாட்டார்கள். புயல் அடித்தது யார் செத்தன்னைக்கு, பள்ளிக்கூடத்துக் கூரை பறந்தது யார் அடக்கத்தன்னைக்கு, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு சாவுதான் அடையாளம். இரண்டு நாள் முன்னேயும் இருக்கலாம், பின்னேயும் இருக்கலாம்; சொல்லும்போது அந்த நாளாகவே ஆகிவிடும். விஜிலா பிறந்ததையே அம்மா "சந்தியாகு தாத்தா செத்தன்னைக்கு" என்றுதான் சொல்லுவாள்; உண்மையில் அவள் பிறந்தது நாலு நாள் கழித்து. அந்தப் பேச்சிலேயே வளர்ந்தவள், எப்போது என்று கேட்டு, அவர்கள் சொன்ன சாவை நாளாக எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். பதினான்கு களவும் சாவு நாளில் விழுந்தது களவின் குணம் இல்லை. ஊரின் பேச்சு அப்படி. அந்தப் பேச்சை நம்பி ஒரு மனுஷனைப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறாள்.

அன்று வகுப்பு தொடங்கும் முன்னே சாரிடம் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாவு இல்லாத நாள்ல போன பொருளு எத்தனை?"

"யாருக்கும் ஞாபகம் இல்ல சார்."

"அப்ப ஞாபகம் இருக்கதை மட்டும் எண்ணியிருக்க. மறந்துபோனதை எண்ணல. சரி, இன்னொரு தடவை போ. எப்பன்னு கேக்காத. கடைசியா எப்பப் பாத்தீங்க, அன்னைக்கு என்ன செஞ்சீங்கன்னு கேளு."

"எனக்குத் திரும்பவும் தப்பு வந்துருமோன்னு இருக்கு சார்."

"வரும். வந்தாலும் அந்தப் பையன் புதன்கிழமை உள்ள போறதைவிட அது பெரிய தப்பு இல்ல."

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பதினான்கு வீட்டுக்கும் போனாள். புதிதாக நோட்டில் பக்கம் பிரித்தாள். பள்ளிக்கூடம் இருந்ததா, என்ன குழம்பு, அன்று யாருக்குப் போன் செய்தீர்கள். ஒருத்தி மகளுக்கு அனுப்பிய குரல்செய்தி போனில் இருந்தது: 'தம்ளரைக் காணோம்ளா, நீ எடுத்துட்டுப் போனியா?' இன்னொரு வீட்டில், குடையைத் தேடி அலைந்தது ரேஷனில் சீனி போட்ட அன்று என்று அட்டையில் பதிவு இருந்தது. இப்படியாகப் பதினொரு பொருளுக்கு நாள் கிடைத்தது. மூன்றுக்குக் கிடைக்கவில்லை, அவற்றின் பக்கத்தில் 'தெரியாது' என்று எழுதினாள்.

பதினொன்றில் ஒன்றுகூட அடக்கத்தன்று போகவில்லை. பதினொன்றும் சாவுக்கு முன்னால் போயிருந்தன. ஒரு நாள் முன்னால், அல்லது இரண்டு நாள். மூன்று நாள் என்று ஒன்றுகூட இல்லை. செத்தவர்களில் படுக்கையில் கிடந்தவர் நான்கு பேர்தான். ரோச் கடலில் விழுந்தார். ஒரு கல்லூரிப் பையன் பைபாஸில் பைக்கோடு போனான். ஒருத்தி இருபத்தாறு வயது, ஒரே நாள் காய்ச்சல். பொருள் போன வேளையில் இவர்கள் சாவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஞானதீபம் தையல்காரர். வாசலிலேயே மெஷின் போட்டிருப்பவர். அவர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை.

"மத்தியானம் மூணு மணி இருக்கும். வாசலை அடைச்சு நான் உக்காந்திருக்கேன். என்னைத் தாண்டி ஒரு கோழி உள்ள போகமுடியாது. முகம் கழுவிட்டுத் தலை சீவலாம்னு உள்ள போறேன், கண்ணாடியைக் காணோம். அது தொங்குன கயிறு மட்டும் ஆணியில கிடக்கு." அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அந்தக் கயிறு ஆடிக்கிட்டு இருந்துச்சும்மா. ஒரு பொட்டுக் காத்து கிடையாது. ஆடிக்கிட்டே இருந்துச்சு."

"யாரையும் பாக்கலியா?"

"பாத்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்லா. ரெண்டாம் நாளு பக்கத்து வீட்டுப் பிள்ளை காய்ச்சல்ல போயிட்டா. கண்ணாடியை அவதான் எடுத்துட்டான்னு நானா நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டேன். இப்ப நீ வந்து அவ உயிரோட இருக்கும்போதே போச்சுங்குத. இனி நான் என்னத்தன்னு நினைக்க?"

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஒன்பது தெருவையும் ஒரு தாளில் வரைந்தாள். பொருள் போன வீட்டுக்கு ஒரு வட்டம், சாவு நடந்த வீட்டுக்கு ஒரு சிலுவை. சங்குமுனையில் வீடுகள் ஒட்டியே இருக்கும். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். பதினொரு வட்டமும் பதினொரு சிலுவையும் சுவருக்குச் சுவர் ஒட்டி நின்றன.

அவள் உடனே அதற்கு எதிராக யோசித்தாள். பக்கத்து வீட்டுச் சாவைத்தானே யாரும் அடையாளமாகச் சொல்லுவார்கள்? அவர்கள் சொன்னது அடுத்த வீட்டுச் சாவு, நான் வரைந்தது அடுத்த வீட்டுச் சிலுவை. இதுவும் ஊரின் பேச்சாகத்தான் இருக்க வேண்டும். சரி. ஆனால் சாவுக்கு முன்னால் என்பது? பின்னால் ஒன்றாவது இருக்க வேண்டாமா? நாளைக்கு வேண்டியது அந்தப் பதில் இல்லை, நாள்கள்தான் என்று தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கொல்லை நடுச்சுவருக்கு மேலே ஒரு முகம் எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு ஜெபகனி.

"பிளாரன்ஸ் அக்கா, எங்க புட்டுக்குழலை வாங்கிட்டு வந்தியளா?"

"இல்லியே. போன மாசம் வாங்குனேன், அன்னைக்கே குடுத்துட்டேன்லா," என்றாள் அம்மா.

"நேத்து சாயங்காலம் கழுவிக் கவுத்தி வச்சேன்க்கா. இப்பப் பாத்தா காணோம். பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, மாவு பிசைஞ்சு வச்சிட்டு அலையுதேன்."

"நல்லாத் தேடு. அது எங்க காலு முளைச்சா போகும்?"

விஜிலாவின் கையில் பின்னல் பாதியில் நின்றது. ஜெபகனி வீட்டுக்கு அந்தப் பக்கம் காலி மனை. சுவர் ஒட்டிய வீடு ஒன்றே ஒன்றுதான். அதில் இருப்பது அம்மாவும் அவளும்.

"என்னளா, பேயறைஞ்ச மாதிரி நிக்க?" என்றாள் அம்மா. "பஸ்ஸா போகப்போகுது? நடக்கத தூரம்தான."

நிலையத்தில் எஸ்.ஐ. லிங்கராஜ் புது அட்டவணையை மேஜையில் பரப்பி, மேலே பேப்பர்வெயிட்டை வைத்து வாசித்தார். பக்கத்தில் மாரிச்செல்வம் வண்டியின் டிரிப் நோட்டு. பதினொரு நாளும் அவன் எங்கே இருந்தான் என்று அதில் இருந்தது: ஒரு நாள் திருச்செந்தூர், ஒரு நாள் ஏரல், மற்றதெல்லாம் புதுக்கோட்டை. சங்குமுனைக்கு அவன் வந்ததெல்லாம் சாவுக்கு மறுநாள்.

"நாளு சரியா இருந்தா இவனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல," என்றார். "சரியா இருந்தா. போன வாரம் ஒண்ணு குடுத்த, இந்த வாரம் ஒண்ணு குடுக்க. எதைன்னு நம்ப?"

"முதல்ல குடுத்தது என் தப்பு சார்."

"இது தப்பு இல்லன்னு எப்படித் தெரியும்? நீ நிமிசத்துக்கு ஒரு தடவை 'தப்பா இருக்கலாம் சார்'னு சொல்லுத ஆளு." அவர் தாளைத் தட்டினார். "இதுல என்ன இருக்கு தெரியுதா? முதல்ல ஒரு வீட்ல பொருள் போகுது. ஒரு நாளோ ரெண்டு நாளோ கழிச்சு அடுத்த வீட்ல சாவு. பதினொண்ணும் அப்படியே. இதை நான் மேல அனுப்புனா அங்க இருக்கவன் சிரிப்பானா மாட்டானா? பேசாம நீயே சொல்லிரு, சனங்க உளறுதாங்க, நாளு ஒண்ணும் நம்பத்தகுந்ததா இல்லன்னு. பழையதே இருக்கட்டும்."

விஜிலா ஜன்னலைப் பார்த்தாள். உடைமரத்தடியில் குழந்தை தவழ்ந்து வெயிலுக்குள் போனது. பேச்சிச்செல்வி காலைப் பிடித்து இழுத்து நிழலுக்குள் வைத்தாள். மறுபடி போனது. மறுபடி இழுத்தாள்.

தப்பாக இருக்கலாம் சார். எத்தனையோ நாள் தேவையே இல்லாமல் சொன்ன வார்த்தை. இன்று சொன்னால் அந்தப் பதினொரு வரியும் வெறும் உளறல் ஆகிவிடும். புட்டுக்குழல் வெறும் புட்டுக்குழல். அம்மா சாயங்காலம் மீன் கழுவுவாள், நாளைக்கும் கழுவுவாள். வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்து நின்றது.

"சரியா இருக்கு சார்," என்றாள்.

"நிச்சயமா?"

"மூணு எனக்குத் தெரியாது. பதினொண்ணு நிச்சயம்."

"கையெழுத்துப் போடுவியா?"

போட்டாள். வழக்கமாக அவள் கையெழுத்து இரண்டு தடவை ஒன்றுபோல் வராது. இன்று தெளிவாக வந்தது. எஸ்.ஐ. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏட்டைக் கூப்பிட்டார். "அவன் வண்டிச் சாவியைக் குடுத்து அனுப்பும்யா. படத்தை மீட்டிங்குக்கு வேண்டாம்னுட்டேன்னு எழுதிக்கிடும்."

மூன்று மணிக்கு வண்டி பின்பக்கத்தில் இருந்து வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றது. ஐந்து நாள் தாடியோடு மாரிச்செல்வம் இறங்கி வந்தான். பின்னால் குழந்தையோடு பேச்சிச்செல்வி.

"ஏட்டையா சொன்னாரு தங்கச்சி. நீங்க இல்லன்னா நான் உள்ள போயிருப்பேன்."

"என்னாலதான் அண்ணே நீங்க இங்க வந்ததே."

"அது யாருக்கு வேணும்? இப்ப விட்டுட்டாங்கள்லா." அவன் ஒரு துண்டுச் சீட்டை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினான். போன் நம்பர். "நம்ம வீட்ல எது ஒண்ணுன்னாலும் கூப்பிடுங்க. எந்நேரம்னாலும் சரி, எங்க நின்னாலும் வந்துருவேன். வேற வண்டியைக் கூப்பிட்டுராதீங்க தங்கச்சி."

பேச்சிச்செல்வி அவன் முழங்கையில் இடித்தாள். "என்ன பேச்சு பேசுதீங்க நீங்க? நல்லதுக்குக் கூப்பிடுங்கன்னு சொல்லுங்க."

"ஏளா, என் வண்டியை எவன் நல்லதுக்குக் கூப்பிடுவான்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஐந்து நாளில் பேச்சிச்செல்வி சிரித்து அன்றுதான் விஜிலா பார்த்தாள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். வண்டி கிளம்பியபோது குழந்தை முன்கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அவளையே பார்த்துக்கொண்டு போனது.

அன்று அவள் வகுப்புக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்கு வந்தாள். அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். விஜிலா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். நிறம், மூச்சு, கை. எல்லாம் எப்போதும் போலத்தான். உள்ளே போய்க் குசினியில் கீழ்த்தட்டில் இருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

"என்னத்தளா தேடுத?"

"புட்டுக்குழல்."

"அது ஜெபகனி வீட்டுதுலா? அவ தேடுவா. நம்ம வீட்ல எப்படி இருக்கும்?"

"நீங்க மறந்து கொண்டாந்திருக்கலாம்லா?"

"எனக்கு அப்படி ஒண்ணும் மறதி வரல."

"வந்திருக்கலாம்மா," என்றாள் விஜிலா. அடுத்த பாத்திரத்தை வெளியே எடுத்தாள்.

அம்மா கீரையை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். மேல்தட்டில் இருந்ததை அவள் இறக்கினாள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். விறகு அடுக்கின் பின்னாலும், தண்ணீர்த்தொட்டி ஓரத்திலும், பழைய வலைக்கு அடியிலும் பார்த்தார்கள். இல்லை. கடைசியில் இரண்டு பேரும் தரை முழுக்கப் பரப்பிய பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். மேற்கு ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் போயிருக்கிறது. ஒரு நாள், அல்லது இரண்டு. விஜிலா விரலைக்கூட மடக்கவில்லை. எண்ணிக்கை தானாகவே நடந்தது.

"நாளைக்கு நான் வேலைக்குப் போகல. நீங்களும் எங்கயும் போகவேண்டாம்."

"நல்லா இருக்கே. நாளைக்கு ஆத்தூர்ல கலியாண வீட்டுக்குச் சொல்லியிருக்கு." அம்மா எழுந்திருக்கும்போது மகளின் பையில் இருந்து விழுந்து கிடந்த சீட்டை எடுத்தாள். "இது யாரு நம்பரு?"

"அந்த மாரிச்செல்வம் அண்ணன்."

"விட்டுட்டாங்களா? சேசுவே, நல்ல காரியம் செஞ்ச." அம்மா சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, அடுப்பு மேடைப் பென்சிலை எடுத்துச் சுவரில் தொங்கிய கோயில் காலண்டரில் அந்த எண்ணை எழுதினாள். மற்றக் கட்டமெல்லாம் காஸ், பால், அன்பியக் கூட்டம் என்று நிறைந்திருந்தது. கலியாணத்தைக் குறிக்காமல் விட்ட நாளைய வியாழக்கிழமைக் கட்டத்தில்தான் இடம் இருந்தது. "சீட்டுன்னா தொலைஞ்சு போகும். இது எப்பவாவது தேவைப்படும்லா."

விஜிலா எழுந்து ஜெபகனி வீட்டுக்கும் தங்களுக்கும் நடுவில் இருந்த சுவரில் காதை வைத்தாள். சுவர் சூடாக இருந்தது. அந்தப் பக்கம் ஜெபகனி இன்னும் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்தாள், வைத்தாள். ஒன்றை எடுத்தாள், வைத்தாள். கிடைத்துவிட்டது என்று அவள் வாயில் இருந்து ஒரு வார்த்தை வருமா என்று விஜிலா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.